நாங்க பாத்துக்கறோம்

அந்தக் கடிதத்தை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு அனுப்பினேன். நேரத்தைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. திங்கட்கிழமை என்றால் ஆட்கள் எரிச்சலில் இருப்பார்கள், எதையும் திறக்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை என்றால் மனசு பாதி வீட்டுக்குப் போயிருக்கும். செவ்வாய்க்கிழமை பத்தே காலுக்கு முதல் டீ உள்ளே இறங்கி, உலகத்தின் மேல் கொஞ்சம் நம்பிக்கை வந்திருக்கும். நம்பிக்கை வந்த மனிதன்தான் லிங்க்கை அழுத்துவான். பன்னிரண்டு வருடம் இந்த வேலையில் குப்பை கொட்டி நான் கற்றுக்கொண்டது அதுதான்.

ஆஸ்பத்திரியில் வேலை என்றால் டாக்டரா என்று கேட்பார்கள். இல்லை. ஐந்து ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஓர் ஆஸ்பத்திரியின் தலைமை அலுவலகத்தில், முதல் மாடியில், கணினிப் பாதுகாப்புப் பிரிவு. பிரிவு என்று பெயர்தான் பெரிது. நானும், வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார வேண்டிய ஒரு ஏசி அறையும், அவ்வளவுதான் பிரிவு. நோயாளிகளின் விவரங்களைத் திருடப் பார்க்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் பூட்டை உடைப்பதில்லை. உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு மெயில் அனுப்பி, சாவியைக் கேட்டே வாங்கிக்கொள்கிறார்கள். அதனால் திருடன் வருவதற்கு முன்னால் நானே திருடன் வேஷம் போட்டுப் பொய் மெயில் அனுப்ப வேண்டும். யார் யார் ஏமாறுகிறார்கள் என்று பார்த்து, ஏமாந்தவர்களைக் கூப்பிட்டு வகுப்பு எடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் எனக்கு 'போலீஸ்' என்று பெயர். பிடிக்காத மாதிரி காட்டிக்கொள்வேன்.

அதற்கு முந்தைய இரண்டு சோதனைகளில் யாரும் பெரிதாக மாட்டவில்லை. இலவச கூப்பன், பார்சல் வந்திருக்கிறது என்ற பழைய கதைகளெல்லாம் எடுபடவில்லை. நல்ல செய்திதானே என்று மேலாளரிடம் போய் நின்றேன். அவர் திரையில் தட்டையாகக் கிடந்த கோட்டைப் பார்த்தார்.

"எல்லாரும் பாஸுன்னா அப்புறம் உங்க பிரிவு எதுக்குன்னு மேல கேப்பாங்க. கொஞ்சம் நெஜம் மாதிரி ஒண்ணு போடுங்களேன்," என்றார்.

நிஜம் மாதிரி. தூண்டிலில் என்ன கோர்ப்பது என்று யோசிக்க எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. இங்கே வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் வெளியூர்க்காரர்கள். வேலை ஓர் ஊரில், குடும்பம் ஓர் ஊரில். வருடா வருடம் இடமாற்றத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, லிஃப்டிலும் டீ கவுண்டரிலும் அதே பேச்சைப் பேசிக்கொண்டிருப்பார்கள். 'உங்கள் இடமாற்ற விண்ணப்பம் ஏற்கப்பட்டுள்ளது. ஆணையைப் பெற இங்கே அழுத்தவும்.' இரண்டே வரி. கீழே பணியாளர் பிரிவின் சின்னம். அனுப்புநர் முகவரியில் ஒரே ஓர் எழுத்தை மாற்றினேன். என் வாழ்நாளில் நான் எழுதியவற்றிலேயே கச்சிதமான எழுத்து இதுதான் என்று அன்றைக்கு எனக்குக் கர்வம்கூட இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அறுநூற்று நாற்பது பேருக்குப் போனது. இருநூற்றுப் பதினொரு பேர் அழுத்தினார்கள். யாராவது அழுத்தினால் என் திரையில் அந்தந்த மாடிக்கு நேராக ஒரு சிவப்புப் புள்ளி விழும். முதல் புள்ளி பத்துப் பதினாறுக்கு விழுந்தது. மூன்றாம் மாடி, ரெக்கார்ட் ரூம்.

ரெக்கார்ட் அக்கா. வயதில் என்னைவிடச் சின்னவர்தான், ஆனால் டாக்டர்கள் முதல் காவலாளி வரை எல்லாருக்கும் அக்கா. பழைய கேஸ் ஷீட்டுகளைக் கட்டுப் பிரித்து, பின்னை எடுத்து, மடிப்பை நீவி ஸ்கேன் செய்வது அவர் வேலை. துருப்பிடித்த பின் குத்திக் குத்தி, வலது கைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் எப்போதும் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டியிருப்பார். எங்கள் நான்காவது கிளை இருக்கும் ஊரில் அவர் வீடு. கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். ஒரே மகள். அக்கா இங்கே வரும்போது அந்தக் குழந்தைக்கு ஆறு வயது, இப்போது பத்து. மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை கண் வீங்கி வருவார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த இரண்டு வரியை எழுதினேன். அவரை நினைத்து எழுதவில்லை என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

அன்றைக்கு மூன்றாம் மாடியில் நடந்ததை லிஃப்டில் இரண்டு நர்சுகள் பேசிக் கேட்டேன். மெயிலைப் பார்த்ததும் அக்கா ஒரு கையால் கணவருக்குப் போன் போட்டிருக்கிறார், மறு கையால் லிங்க்கை அழுத்தியிருக்கிறார். "கெடச்சிருச்சுங்க, கெடச்சிருச்சு" என்று இவர் சொல்ல, அந்தப் பக்கம் அந்த மனிதர் வேனை ஓரம் கட்டிவிட்டுக் கத்திய கத்தல் பக்கத்து மேசைக்கே கேட்டதாம். அதற்குள் இங்கே திரையில் ஊழியர் எண்ணும் கடவுச்சொல்லும் கேட்டது. போட்டார். பக்கம் சிவந்தது. 'மாட்டிக்கொண்டீர்கள்!' என்ற பெரிய எழுத்தின் கீழே, தூண்டில் முள்ளில் கண் பிதுங்கி நாக்குத் தள்ளிய ஒரு மீன். அந்தப் படத்தை நான்தான் தேடி எடுத்துப் போட்டேன், தமாஷாக இருக்கட்டும் என்று. போனில் கணவர் "எப்ப ஜாயின் பண்ணணும், எப்ப வர்ற" என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அக்கா கொஞ்ச நேரம் மீனையே பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லங்க, பரீட்சையாம்" என்று சொல்லி வைத்துவிட்டாராம்.

நான் என்ன செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தொழில்காரர்கள் கூடிப் பேசும் ஓர் இணையதளம் உண்டு. அங்கே எல்லாருக்கும் புனைபெயர், எல்லாருக்கும் எல்லாவற்றைப் பற்றியும் கருத்து. கணினியைப் பயன்படுத்தும் சாதாரண மனிதனுக்கு அங்கே ஒரே பெயர்தான்: ஓட்டை. 'எந்தப் பூட்டுப் போட்டாலும் ஓட்டை நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறது' என்பது அங்கே தினசரி நகைச்சுவை. நான் இந்தச் சம்பவத்தை, பெயர் ஊர் எதுவும் இல்லாமல், எட்டு வரியில் எழுதிப் போட்டேன். 'ஒண்ணுமில்லங்க, பரீட்சையாம்' என்பதில் முடித்தேன். சாயங்காலத்துக்குள் இரண்டாயிரம் பேர் சிரித்திருந்தார்கள். ஒருவன் கண்ணில் நீர் வரச் சிரித்தேன் என்று எழுதியிருந்தான். பஸ்ஸில் வரும்போது அதை மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. சோதனையில் ஆட்கள் போடும் கடவுச்சொல்லைச் சேமிக்கக் கூடாது, அதற்கென்று ஒரு பொத்தானை அணைத்து வைக்க வேண்டும். அடுத்தவனுக்குப் பாதுகாப்பு சொல்லித்தரும் நான் அதை அணைக்க மறந்துவிட்டேன். மறுநாள் பட்டியலில் எல்லாம் வரிசையாகக் கிடந்தன. உடனே அழித்தேன். அழிப்பதற்கு முன்னால் மூன்றாம் மாடி வரியை மட்டும் படித்துவிட்டேன். 'குட்டிமா' என்று ஆங்கில எழுத்தில், கூடவே பதினாறு. குழந்தைக்கு வயது பத்துதானே என்று ஒரு கணம் குழம்பினேன். பிறகு புரிந்தது. தொண்ணூறு நாளைக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றியே தீர வேண்டும் என்பது நான் போட்ட விதி. அவர் ஒவ்வொரு முறையும் எண்ணை மட்டும் ஒன்று கூட்டியிருக்கிறார். பதினாறு தொண்ணூறு நாள். நாலு வருடம்.

வீட்டில் மனைவியிடம் அந்த எட்டு வரியைச் சிரித்துக்கொண்டே படித்துக் காட்டினேன். அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை.

"பசிச்சவ முன்னாடி பிளாஸ்டிக் பழத்தக் கொண்டுபோய் வெச்சிட்டு, கடிச்சா பாருன்னு கைதட்டறீங்க. இதுக்கு ஒரு சம்பளம்," என்றாள்.

"நெஜத் திருடன் இதத்தான் செய்வான். அவன்கிட்ட மாட்டறதுக்கு எங்கிட்ட மாட்டறது நல்லதில்லையா?"

"அவன் திருடன். செய்வான். நீங்க யாரு?"

என் மனைவிக்குத் தொழில்நுட்பம் தெரியாது என்று அன்றைக்கு முடிவு கட்டிக்கொண்டேன்.

அடுத்த வாரம் வகுப்பு. ஏமாந்தவர்கள் எல்லாரும் கட்டாயம் வர வேண்டும். தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், இருபது இருபது பேராக இரண்டு மணி நேரம். ஊழியர்கள் அதற்கு 'மக்கு கிளாஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பெரும்பாலும் பின்வரிசையில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். அக்கா முன்வரிசையில், கோடு போட்ட நோட்டோடு உட்கார்ந்திருந்தார். பிளாஸ்திரி ஒட்டிய விரலால் பேனாவைப் பிடித்து நான் சொன்னதையெல்லாம் எண் போட்டு எழுதினார். மோசடியின் அறிகுறிகள் நான்கு: அவசரப்படுத்துவான். கெடு வைப்பான். முகவரி பழக்கமில்லாததாக இருக்கும். நாலாவதுதான் முக்கியம் என்று நான் குரலை இறக்கிச் சொல்வது வழக்கம். "நீங்க எதுக்கு ரொம்ப ஏங்கறீங்களோ, அதத்தான் அவன் அனுப்புவான்." அக்கா அதை எழுதி அடிக்கோடு போட்டார்.

முடியும்போது ஏதாவது சந்தேகம் உண்டா என்று கேட்டேன். யாரும் கேட்காமல் எழுந்து போவதற்காகக் கேட்கும் கேள்வி அது. அக்கா கையைத் தூக்கினார்.

"சார், அப்ப நெஜமாவே வந்துச்சுன்னா? அது நெஜம்னு எப்படித் தெரியும்?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு அடுத்த வகுப்புக்கு நேரமாகியிருந்தது. "நீங்க தெரிஞ்சிக்கவே வேணாம்மா. மெயிலுக்கு மேல புதுசா ஒரு கொடி வந்திருக்கு பாருங்க, அத அமுக்குங்க. எங்ககிட்ட வந்துரும். நல்லதா கெட்டதா, நாங்க பாத்துக்கறோம்," என்றேன்.

அதையும் எழுதிக்கொண்டார். 'நாங்க' என்று சொன்னேனே, அந்த நாங்கள் நான் ஒருவன்தான்.

வகுப்புகள் முடிந்த பிறகு கொடிகள் வந்து குவிந்தன. ஒரு நாளைக்கு இருநூறு, முந்நூறு. கேன்டீன் நேரம் மாறியதற்குக் கொடி. ரத்ததான முகாமுக்குக் கொடி. ஓய்வு பெறும் டாக்டரின் பிரிவுபசார அழைப்புக்குக் கொடி. சூடு கண்ட பூனைகள். மேலாளர் மகிழ்ந்துபோய், கொடி ஒன்றுக்குப் பத்துப் புள்ளி, மாதம்தோறும் முதலிடத்துக்குச் சான்றிதழ் என்று அறிவித்துவிட்டார். அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா. நான் முதல் வாரம் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். இரண்டாவது வாரம் தலைப்பை மட்டும் பார்த்தேன். மூன்றாவது வாரத்திலிருந்து, காலையில் வந்ததும் 'அனைத்தையும் தேர்வு செய்' என்பதை அழுத்தி, 'மோசடி' என்று மொத்தமாக மூடிவிடுவேன். மூடியதும் கொடி காட்டிய எல்லாருக்கும் தானாக ஒரு பதில் போகும். 'சபாஷ்! இன்னொரு மோசடியை முறியடித்துவிட்டீர்கள்!' கூடவே முள்ளிலிருந்து தப்பித்துத் துள்ளும் ஒரு மீன். அதையும் நான்தான் தேர்ந்தெடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை, டீ கவுண்டரில் பணியாளர் பிரிவுக்காரரைப் பார்த்தேன். அவருக்கு ஆஸ்பத்திரியில் 'அவசரம்' என்று பட்டப்பெயர். எந்த மெயில் அனுப்பினாலும் தலைப்பில் சிவப்பு எழுத்தில் 'அவசரம்! உடனடி!' என்று போடுவார், வாகனம் நிறுத்துமிடத்துக்கு வெள்ளையடிப்பதாக இருந்தாலும் சரி. டீயை ஊதிக்கொண்டே சொன்னார்:

"மனுஷங்கள புரிஞ்சிக்கவே முடியல போலீஸ். அந்த ரெக்கார்ட் அம்மா நாலு வருஷமா டிரான்ஸ்ஃபர், டிரான்ஸ்ஃபர்னு என் உயிர எடுத்துச்சு. சரின்னு இந்தத் தடவ போட்டாச்சு. ஆர்டர் அனுப்பினா ஏழு நாளைக்குள்ள சம்மதம் குடுக்கணும். ரெண்டு ரிமைண்டரும் போட்டேன். பதிலே இல்ல. போன வெள்ளியோட கெடு முடிஞ்சு, அடுத்து இருந்த லேப் பொண்ணுக்குப் போயிருச்சு. அது நேத்தே போய் ஜாயின் பண்ணிருச்சு. புருஷங்கூட ஏதாவது சண்டையா இருக்குமோ?"

"நேர்ல ஒரு வார்த்த சொல்லலையா?" என்றேன்.

"பேப்பரும் கெடையாது, நேர்லயும் கெடையாது, எல்லாம் மெயில்லதான்னு சுத்தறிக்கை வந்து வருஷம் ஒண்ணாச்சே. ஆளுக்கு ஆள் நேர்ல சொன்னா சிபாரிசும்பாங்க. அதுவும் இப்பப் புது சாஃப்ட்வேர், வெளிக் கம்பெனி அனுப்புது. உங்களுக்கும் மெயில் போட்டேனே, இந்த முகவரிலேருந்து வரும், உங்க நம்பகமான முகவரி லிஸ்ட்ல சேத்துக்குங்கன்னு?"

டீயை அப்படியே வைத்துவிட்டு மேலே வந்தேன். முதலில் என் சொந்தப் பெட்டியில் தேடினேன். இருந்தது. 'அவசரம்! உடனடி!' என்ற சிவப்புத் தலைப்போடு, திறக்கப்படாமல். பிறகு மூடிய கொடிகளின் குவியலில், அக்கா காட்டியிருந்த நூற்றுக்கணக்கான கொடிகளை எடுத்து, 'இடமாற்றம்' என்று போட்டுத் தேடினேன். மூன்று வந்தன. அவர் அனுப்பிய ஒவ்வொன்றிலும், வகுப்பில் நான் சொன்னபடி, காரணம் எழுதும் பெட்டியை நிரப்பியிருந்தார். அறுநூறு பேரில் அந்தப் பெட்டியை நிரப்பியது அவர் ஒருவர்தான் என்று நினைக்கிறேன்.

முதலாவதில்: 'ஒன்று, அவசரம் என்று போட்டிருக்கிறது. இரண்டு, ஏழு நாள் கெடு. மூன்று, முகவரி தெரியாதது. நான்கு, நான் மிகவும் ஆசைப்படும் விஷயம்.' நான்கும் சரி. நூற்றுக்கு நூறு. இரண்டாவதில்: 'அதே மெயில் மறுபடியும் வந்துள்ளது.' மூன்றாவதில் எண் எதுவும் இல்லை. 'மூன்றாவது தடவை. சார், தயவுசெய்து எனக்கு மட்டுமாவது இதை அனுப்புவதை நிறுத்த முடியுமா.'

ஒவ்வொன்றுக்கும் கீழே மூடியவர் என்று என் பெயர், நேரம், சபாஷ் அனுப்பப்பட்டது என்ற குறிப்பு. மூன்றாவதை மூடியது கெடு முடிவதற்கு ஒரு நாள் முன்பு, காலை ஒன்பது ஐந்துக்கு. அன்றைக்கு மொத்தம் இருநூற்று எண்பது கொடிகளை மூடியிருக்கிறேன். அதற்கு எனக்கு ஆன நேரம் நாலு நொடி.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு எழுந்து கதவைச் சாத்தினார். லேப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட முடியாது என்றார். அவளுக்கும் அங்கே குடும்பம் இருக்கிறது. அடுத்த வருடம் அக்காவுக்கு முன்னுரிமை கொடுக்கலாம், பார்க்கலாம் என்றார்.

"நான் அவங்ககிட்ட சொல்லணும் சார்."

"என்னன்னு சொல்வீங்க? கொடியெல்லாம் தெறக்காமலே மூடறோம்னா? நாளைக்கு ஒருத்தன் கொடி அமுக்குவானா? திங்கக்கெழம டிரான்ஸ்ஃபர் லிஸ்ட் எல்லாருக்கும் போகுது. அப்பத் தெரிஞ்சிக்கட்டும். எழுத்துல மட்டும் எதுவும் வெச்சிக்காதீங்க." அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தவர்போல மேசையில் இருந்த உறையை என் பக்கம் தள்ளினார். "வெள்ளிக்கெழம மீட்டிங்ல இத நீங்க குடுத்துருங்க."

'மாதத்தின் விழிப்பான ஊழியர்' சான்றிதழ். உறையைப் பிரிப்பதற்கு முன்னாலேயே யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எல்லாரும் கைதட்டினார்கள். ரெக்கார்ட் ரூமிலிருந்து ஒருவர் சான்றிதழ் வாங்குவது இதுதான் முதல் தடவையாம். அக்கா நல்ல புடவை கட்டி வந்திருந்தார். விரல்களில் புதுப் பிளாஸ்திரி. போட்டோவுக்கு நிற்கும்போது சான்றிதழின் ஒரு முனை என் கையில், மறு முனை அவர் கையில். போட்டோக்காரர் சிரிங்க, சிரிங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா உதட்டை அசைக்காமல் மெதுவாகக் கேட்டார்:

"சார், அந்த டிரான்ஸ்ஃபர் மெயிலு மூணு தடவ வந்துச்சு. நீங்க அனுப்பின டெஸ்ட்தான?"

நான் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கடைசித் தடவ வெரல் லிங்க் வரைக்கும் போயிருச்சு சார். ஒருவேள நெஜமா இருந்துட்டான்னு ஒரு நிமிஷம். ஆனா தொடல. நீங்க பாத்துக்கறோம்னு சொன்னீங்கல்ல." பிறகு என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். "டெஸ்ட்தான சார்?"

"ஆமா," என்றேன்.

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. தோற்றுவிடவில்லை என்ற நிம்மதி. அந்த முகத்தைத்தான் போட்டோ எடுத்தார்கள். இன்றைக்கும் தரைத்தளப் பலகையில் அது இருக்கிறது. பக்கத்தில் நான், திருட்டு முழி முழித்துக்கொண்டு.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை படித்துக் காட்டவில்லை, சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "திங்கக்கெழம லிஸ்ட்ல பாத்து அந்தப் பொண்ணு தெரிஞ்சிக்கக் கூடாது. உங்க வாயால சொல்லணும். மூணாவது மாடிதான? லிஃப்ட் இருக்கில்ல?" என்றாள்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. லிஃப்டில் ஏறினால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று படியில் ஏறினேன். இரண்டாம் மாடித் திருப்பம் வரை போனேன். அங்கே ஒரு நோயாளியின் உறவினர்கள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டிப் போவது மரியாதை இல்லை என்று ஒரு காரணம் கிடைத்தது. இறங்கி வந்துவிட்டேன். பதினோரு மணிக்கு மறுபடியும் போனேன். அவர்கள் போய்விட்டிருந்தார்கள், ஆனால் அதே திருப்பத்தில் கால் நின்றுவிட்டது. எனக்கு எழுதத் தெரியும். இரண்டாயிரம் பேரைச் சிரிக்கவைக்கத் தெரியும், இருநூற்றுப் பதினொரு பேரை ஏமாற்றத் தெரியும். ஒரு மனுஷியின் முகத்துக்கு நேராக நின்று நாலு வார்த்தை சொல்லத் தெரியவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்து மெயில் எழுதினேன். எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் மிஞ்சியது இதுதான்: அந்த மூன்றும் உண்மையான ஆணை. நான் திறந்து பார்க்காமல் மூடிவிட்டேன். நேற்று உங்களிடம் பொய் சொன்னேன். தவறு முழுக்க என்னுடையது, எழுத்திலேயே சொல்கிறேன், இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். திங்கட்கிழமை பட்டியல் வருவதற்கு முன், மேல்முறையீட்டுக்கு இன்றைக்குள் மனுப் போட்டால் ஏதாவது வழி இருக்கலாம். படிவம் கீழே உள்ள இணைப்பில் இருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பத்துக்கு அனுப்பினேன். அனுப்பியதும் நெஞ்சில் இருந்த கல் இறங்கியதுபோல் இருந்தது. அந்த நிம்மதிக்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

பன்னிரண்டரைக்குத் திரையின் மூலையில் கொடி எழுந்தது. மூன்றாம் மாடி. திறந்தேன். வரிசையில் வந்த ஒரு கொடியை நான் திறந்து பார்த்துப் பல வாரமாகியிருந்தது. உள்ளே என் மெயில். கீழே பெட்டியில் அவர் எழுதியிருந்தார்:

'ஒன்று, அவசரம், இன்றைக்குள் என்கிறது. இரண்டு, லிங்க்கை அழுத்தச் சொல்கிறது. மூன்று, நான் ஏங்குகிற அதே விஷயம். நான்கு, முகவரி சரியாக இருக்கிறது, சார் பெயரிலேயே வந்திருக்கிறது. ஆனால் டெஸ்ட்தான் என்று சார் நேற்று நேரிலேயே சொல்லிவிட்டார். அதனால் இது சார் எழுதியது இல்லை. சாருடைய கணக்கை யாரோ திருடியிருக்கிறார்கள். சாரிடம் உடனே சொல்லவும்.'

அதன் கீழே வழக்கமான இரண்டு பொத்தான்கள். 'மோசடி' என்பதை அழுத்தினால் அவருக்குச் சபாஷ் போகும், மீன் துள்ளும், பத்துப் புள்ளி ஏறும். 'பாதுகாப்பானது' என்பதை அழுத்தினால் என் மெயில் ஒரு பச்சைக் குறியோடு அவர் பெட்டிக்கே திரும்பிப் போகும். அவர் அதற்கும் கொடி காட்டுவாரோ என்னவோ.

ஜன்னல் வழியாகக் கீழே வாசல் தெரிந்தது. இது அவர் ஊருக்குப் போகிற சனிக்கிழமை. தோளில் பயணப் பை, கையில் செய்தித்தாள் சுற்றிய சதுரமான பொருள் ஒன்று. வெளியே போகிறவர்களின் பையைப் பார்க்கும் காவலாளி அதைச் சுட்டிக்காட்டி ஏதோ கேட்டார். அக்கா பையைக் கீழே வைத்துவிட்டு, செய்தித்தாளைக் கிழியாமல் ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தார். நேற்று வாங்கிய சான்றிதழ், அதற்குள் கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தார். கண்ணாடியில் வெயில் பட்டு ஒருமுறை என் ஜன்னல் வரை அடித்தது. காவலாளி அதை இரண்டு கையாலும் வாங்கி, வாய்விட்டுப் படித்து, சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். அக்கா அதே மடிப்புகளில் செய்தித்தாளைத் திரும்பச் சுற்ற ஆரம்பித்தார்.